கார்க் கதவு ரப்பரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்: கடைக்குப் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயிலைப் பற்றியும் டயரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பரைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. என்னுடையது 12 வருடம் ஓடிய சிறிய கார். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நாங்கள் இருப்பது நாகர்கோவிலில். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை விட்ட மாதங்களில் வெயிலும் கடற்காற்றும் வண்டியை விடுவதில்லை. அப்படிப்பட்ட ஊரில் கதவு ரப்பர் தேய்ந்துபோனதால் காரின் தரையில் தண்ணீர் தேங்கி, கார்பெட் நாறி, தகட்டில் துருப்பிடித்து, இரண்டு இடங்களில் பணம் கொடுத்தும் தீராமல், கடைசியில் நானே தனியாக உட்கார்ந்து ரப்பரை மாற்றினேன். செலவழித்ததில் பாதிக்கு மேல் வீணான செலவு. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று விவரம் தெரிந்த ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அந்த மழைக்காலம் முழுவதும் இருந்த மன உளைச்சலும் மிச்சமாகியிருக்கும். அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தண்ணீர் வருவதற்கு வெகுகாலம் முன்பே ரப்பர் தன் நிலைமையைக் காட்டிவிடுகிறது. திருநெல்வேலிக்குப் போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வண்டி ஓடுகையில், ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் மூலையிலிருந்து மெல்லிய விசில் சத்தம் வரும். அங்கே காற்று எப்போதும் பலமாக வீசும் என்பதால் அது காற்றின் சத்தம் என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்தால் கால் வைத்து ஏறும் இடத்தில் மெல்லிய செம்மண் கோடு ஒன்று படிந்திருக்கும். துடைத்தால் அடுத்த பயணத்தில் மறுபடி வரும். ஏசி போட்டால் குளிர்வதற்கு முன்பைவிட நேரமானது. காலையில் கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை அடித்தது. இந்த நான்கில் இரண்டு சேர்ந்து உங்கள் வண்டியில் இருந்தால், மழைக்காலம் வரும்வரை காத்திருக்காமல் ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் நான்கு கதவுகளையும் திறந்துவைத்து ரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள்.

நல்ல ரப்பர் அழுத்தினால் அமுங்கி, விரலை எடுத்ததும் எழுந்துவிடும். கெட்டுப்போனது அமுங்காது, அல்லது அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். பெரும்பாலான கார்களின் கதவு ரப்பர் ஈ.பி.டி.எம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கக்கூடியதுதான் என்றாலும், வருடக்கணக்காகக் கதவு அழுத்திக்கொண்டே இருப்பதால் உள்ளே குழலாக இருக்கும் பகுதி மெல்ல மெல்லத் தட்டையாகி, அந்த வடிவத்திலேயே உறைந்துவிடுகிறது. என் வண்டியில் மேல் மூலைகளில் ரப்பர் பளபளவென்று தேய்ந்து தட்டையாகியிருந்தது. கீழே ஓட்டுநர் ஏறி இறங்கும்போது கால் உரசும் இடத்தில் வெடித்துக் கிழிந்திருந்தது. முன் இடது கதவின் கீழ்மூலையில் ரப்பர், அது கவ்வியிருக்கும் கதவு வாசலின் விளிம்புத் தகட்டைவிட்டுக் கழன்று, உள்ளே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. இவ்வளவையும் ஒழுகல் பெரிதான பிறகுதான் பார்த்தேன். அதற்கு முன் வேறு இடங்களில் பணம் போய்விட்டது.

அது நடந்த விதம் இதுதான். ஐப்பசி மழையில் இரண்டு நாள் வெளியே நின்ற வண்டியில் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்த என் அம்மா, காலை வைத்ததும் சேலையின் ஓரம் நனைந்துவிட்டது என்றார். மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கார்பெட் ஊறியிருந்தது. அழுத்தினால் தண்ணீர் மேலே வந்தது. பின் இருக்கைக்கு முன்னாலும் அதே இடது பக்கம் ஈரம். வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்பில் காட்டினேன். “ஏசி தண்ணிதான் சார், வெளிய போற குழாய் அடைச்சிருக்கும், வேற ஒண்ணுமில்ல” என்றார்கள். குழாயைச் சுத்தம் செய்து, ஏசி கேஸையும் சரிபார்த்து 1,800 ரூபாய் வாங்கினார்கள். கார்பெட்டைக் கழுவிக் காயவைக்க இன்னொரு கடையில் 3,000 ரூபாய். வண்டி வாசனையாக வீட்டுக்கு வந்தது. அடுத்த மழை இரவோடு கார்பெட் மறுபடி ஊறியது. அன்று காலையில் எனக்கு வந்த கோபமும் சோர்வும் இன்னும் நினைவிருக்கிறது. மாதக் கடைசியில் 4,800 ரூபாயைக் கொடுத்துவிட்டு அதே ஈரத்தில் நிற்பது யாருக்குமே வலிக்கும்.

ஏசி தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒரே இடத்தில் தேங்கலாம் என்பதால் இந்தக் குழப்பம் எளிதில் வந்துவிடுகிறது. நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் ஏசியின் குளிர்க்கலம் டேஷ்போர்டுக்குள் நடுவிலோ இடது பக்கமோதான் இருக்கும். அதன் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் முன் இடது பக்கக் காலடியில் வழியும். ஆனால் அதைக் கண்டறிவது மிக எளிது. மழையில்லாத ஒரு நாளில் கார்பெட்டை நன்றாகத் துடைத்துவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்து அரைமணி நேரம் ஏசியை ஓடவிடுங்கள். வண்டிக்கு அடியில் தரையில் தண்ணீர் சொட்டி, உள்ளே காய்ந்திருந்தால் ஏசி குழாயில் குறையில்லை. மழை பெய்த இரவில் ஏசியே போடாமல் இருந்தும் காலையில் ஈரம் இருந்தால் அது வெளியிலிருந்து வந்த தண்ணீர்தான். ஈரம் பின் இருக்கைப் பக்கமும் இருந்தால் ஏசியின் மேல் சந்தேகம் இன்னும் குறைகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. முக்கியமாக, ஒழுகும் இடத்தை அடைக்காமல் கார்பெட்டைக் கழுவக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்தப் பணம் அடுத்த மழையில் போய்விடும்.

அதன்பிறகு கார் உதிரிபாகக் கடை ஒன்றில் கதவு ரப்பர் கேட்டேன். கடைக்காரர் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தார். “எல்லா வண்டிக்கும் இதுதான் அண்ணாச்சி, ஒரே சைஸ்” என்று உறுதியாகச் சொன்னார். மீட்டர் 90 ரூபாய் வீதம் இரண்டு கதவுக்கு 8 மீட்டர், 720 ரூபாய். வீட்டில் மாட்டிப் பார்த்தால் கதவு பூட்டவில்லை. ஓங்கிச் சாத்தினால் முதல் கொக்கியில் மட்டும் மாட்டிக்கொண்டு, வெளித் தகடு பக்கத்துக் கதவைவிட வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. காரணம் குழல் நின்ற விதம். பழைய ரப்பரின் குழல் தகட்டுக்குப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. புதியதில் நேராக மேலே நின்றது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு ரப்பர்தான். வெட்டிக் கொடுத்த பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே ரப்பர் வாங்கப் போகும்போது பழைய ரப்பரிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை வெட்டிக் கையில் எடுத்துப் போங்கள். எப்படியும் அதைத் தூக்கி எறியத்தான் போகிறோம். நசுங்காத இடமாகப் பார்த்து வெட்டுவது முக்கியம். கதவின் கீல் பக்கம் பெரும்பாலும் வடிவம் கெடாமல் இருக்கும். வெட்டுமுகத்தைப் புதிய ரப்பரின் வெட்டுமுகத்தோடு சேர்த்து வைத்து மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். குழல் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. தகட்டைக் கவ்வும் பள்ளம் எவ்வளவு அகலம், அதற்குள் இரும்புப் பட்டை இருக்கிறதா. உள்பக்கம் பிளாஸ்டிக் பலகையை மூடுகிற மெல்லிய உதடு இருக்கிறதா என்பவை அவை. இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் கதவு பூட்டாது, அல்லது பூட்டியும் ஒழுகும். தவறிப்போகாத வழி, காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கம்பெனி உதிரிபாகமாகக் கேட்பதுதான். முன், பின், இடது, வலது என்று ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனி எண் இருக்கும். கம்பெனி ரப்பர் வளையமாகவே ஒட்டி வருவதால் வெட்டவோ இணைக்கவோ தேவையில்லை. எனக்கு ஒரு கதவுக்கு 1,150 ரூபாய் ஆனது. ஆர்டர் போட்டுத்தான் வரவழைத்தார்கள். பழைய வண்டிகளை உடைக்கும் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அந்த ரப்பரும் இன்னொரு கதவுக்கு அடியில் வருடக்கணக்காக நசுங்கிக் கிடந்ததுதான் என்பதால் நான் வாங்கவில்லை. பின்பக்கம் பசையோடு வரும் ஸ்பாஞ்சுப் பட்டைகளும் இணையத்தில் கிடைக்கின்றன. காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க அவை உதவலாம். கிழிந்துபோன மூல ரப்பருக்கு அவை மாற்று ஆகாது.

ஆனால் புதிய ரப்பருக்குப் பணம் கட்டுவதற்கு முன், தண்ணீர் உண்மையில் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தேன். இந்த அனுபவத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வேலை இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்குப் போனாலும் தகும். முதலில் காகிதச் சோதனை. ஒரு தாளை நீளமாகக் கிழித்து, கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இழுக்க வேண்டும். ரப்பர் நன்றாக இருந்தால் தாள் இறுக்கத்தோடு வரும். தட்டையாகிவிட்ட இடத்தில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒருமுறை கதவைச் சுற்றிலும் இப்படிப் பார்த்து, தளர்ந்த இடங்களில் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வைத்தேன். அடுத்து, ரப்பரின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறந்தால், கதவின் பெயிண்டில் வெள்ளைக்கோடு விழும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே ரப்பர் கதவைத் தொடவில்லை. இரவில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து, வெளியிலிருந்து டார்ச் அடித்தாலும் பெரிய இடைவெளிகள் தெரிந்துவிடும்.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. இதற்கு அழுத்தம் கூடிய வாட்டர் வாஷ் பம்பைப் பயன்படுத்தக் கூடாது. நல்ல ரப்பரைக்கூட அந்த வேகம் விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும் என்பதால் முடிவு தவறாகிவிடும். தோட்டத்துக் குழாயில் மெல்லிய தண்ணீர் போதும். கதவின் அடியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு உயரத்திலும் சில நிமிடம் நிறுத்தி, மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வழிந்து, எந்த இடம் ஒழுகுகிறது என்றே தெரியாது. என் மகன் உள்ளே டார்ச்சோடும் டிஷ்யூ தாளோடும் உட்கார்ந்திருந்தான். முன் இடது கதவின் கீழ்மூலைக்குத் தண்ணீர் வந்த சிறிது நேரத்தில், ரப்பர் கழன்றிருந்த இடத்திலிருந்து ஒரு சொட்டு திரண்டு, பிளாஸ்டிக் பட்டைக்கு அடியில் நுழைந்து, கார்பெட்டின் ஓரத்தில் காணாமல் போனதை அவன் பார்த்துச் சொன்னான். மேலே நனையாமல் அடியிலேயே ஊறுவதால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

பின் இடது கதவில் நிலைமை வேறு. காகிதம் சுற்றிலும் இறுக்கமாகத்தான் வந்தது. ரப்பரைத் தாண்டி ஒரு சொட்டும் வரவில்லை. ஆனாலும் கண்ணாடியின் மேல் தண்ணீர் விட்டபோது, கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகையான டோர் பேடின் அடி விளிம்பிலிருந்து தண்ணீர் கசிந்து உள்ளே வழிந்தது. கார்க் கதவு எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இடத்தில் தெரிந்துகொள்வது அவசியம். ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கும் வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் போவது இயல்பானது. அதற்கென்றே கதவின் அடி விளிம்பில் சிறு வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். கதவுக்குள் போன தண்ணீர் டோர் பேட் பக்கம் வராமல் தடுப்பது, அதற்குப் பின்னால் பிசின் போன்ற கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் காலத்தில் பவர் விண்டோ மோட்டாரோ ஸ்பீக்கரோ வேலை பார்த்தவர்கள் அந்த ஷீட்டைக் கிழித்துவிட்டு, ஒட்டாமல் அப்படியே டோர் பேடை மாட்டியிருந்தார்கள். வடிகால் துளைகளில் ஒன்று மண்ணடைத்துப் போயிருந்தது. இந்தக் கதவுக்கு எத்தனை விலையில் புதிய ரப்பர் மாட்டினாலும் பின்பக்க ஈரம் போயிருக்காது.

அந்தக் கதவுக்கு ஆனது 350 ரூபாய்தான். டோர் பேடைக் கழற்றி, பழைய பசையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் டேப் வாங்கி, தடித்த பாலிதீன் ஷீட்டைச் சுற்றிலும் இடைவெளியின்றி ஒட்டினேன். ஷீட்டின் அடிப்பக்கம் கதவுத் தகட்டின் உள்ளே திரும்பியிருக்கும்படி விட வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் வழிகிற தண்ணீர் கதவுக்குள்ளேயே விழும். வடிகால் துளைகளை வயர்களைக் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டையால் குத்திவிட்டால் போதும். கம்பியை விட்டால் பெயிண்ட் கீறி, துரு அங்கிருந்தே ஆரம்பிக்கும். கதவைத் திறந்து சாத்தும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால், வேறு எதையும் செய்வதற்கு முன் இந்தத் துளைகளைப் பாருங்கள்.

சோதனை முடிந்த பிறகு முன் கதவுகள் இரண்டுக்கும் மட்டும் ரப்பர் வாங்கினேன்: இடது கதவுக்கு ஒழுகியதால், ஓட்டுநர் கதவுக்குக் கிழிந்து தேய்ந்திருந்ததால். பழைய ரப்பரைக் கழற்றுவது கடினமில்லை. கால் வைத்து ஏறும் இடத்திலுள்ள பிளாஸ்டிக் பட்டையை முதலில் மெல்ல நெம்பி எடுத்துவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து ரப்பரை நேராக இழுத்தால் கவ்வியிருக்கும் தகட்டிலிருந்து விட்டு வரும். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் பெயரும். பழைய ஏடிஎம் கார்டு, மழுங்கிய பிளாஸ்டிக் கரண்டி போன்றவை போதும். கழற்றும் முன் ஒவ்வொரு மூலையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரின் உதடு எந்த பிளாஸ்டிக் பலகைக்கு மேலே வருகிறது, எங்கே அடியில் போகிறது என்பது மாட்டும்போது நினைவில் இருக்காது. சில கார்களில் ரப்பர் கதவிலேயே இருக்கும். சிறு பிளாஸ்டிக் கிளிப்புகளில் மாட்டியிருப்பார்கள். அந்தக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்து உடையக்கூடியவை. கழற்றும் முன்பே உதிரி கிளிப்புகள் வாங்கி வைத்துக்கொண்டால் வேலை நடுவில் நிற்காது.

முன் இடது கீழ்மூலையில் ரப்பரை எடுத்ததும் என் மனம் கலங்கிவிட்டது. தகட்டின் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்குத் துருவேறி, எமரி தாள் பட்டதும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ரப்பருக்குள் நின்ற ஈரம் அந்த இடத்தை மழைவிட்ட பிறகும் காயவிடவில்லை. நல்ல வேளையாகத் தகடு ஓட்டையாகவில்லை. ஆகியிருந்தால் டிங்கரிங் கடைக்குப் போய் வெட்டி ஒட்டும் வேலையாகியிருக்கும். வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, தூசியைத் துடைத்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, நன்றாக உலர்ந்த பின் டச்சப் பெயிண்ட் பூசி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டேன். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே ரப்பரை மாட்டிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை பெயிண்டைச் சுரண்டிவிடும், துரு மறுபடி பிடிக்கும். எமரி தாள், பிரைமர், பெயிண்ட் எல்லாம் சேர்ந்து 650 ரூபாய்.

தகட்டைச் சுத்தம் செய்ய ஷாம்பு கலந்த தண்ணீர் போதும். பழைய பசை இருந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் வேண்டாம்; ஈ.பி.டி.எம் ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய்கள் ஒத்துவராது, உப்பிப் போய்ப் பலம் குறைந்துவிடும். தின்னர் பெயிண்டையே கரைத்துவிடும். தகட்டைக் கவ்வும் வகை ரப்பருக்குப் பசை எதுவும் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் எனக்கு ரப்பர் பசை டப்பா ஒன்றையும் சேர்த்து விற்கப் பார்த்தார்கள். பசை போட்டு ஒட்டினால் அடுத்தமுறை கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து வரும்.

புதிய ரப்பரைப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெயிலில் போட்டால் மடிந்த தடங்கள் நிமிர்ந்து, வளைக்க எளிதாக இருக்கும். வளையத்தின் ஒட்டுப்பகுதி கதவின் அடிப்பக்கம் வரும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். சில ரப்பர்களில் மூலைகளைக் காட்டப் பெயிண்ட் புள்ளி வைத்திருப்பார்கள். அதைப் பின்பற்றினால் போதும். முதலில் மேல் மூலைகள் இரண்டு, பிறகு கீழ் மூலைகள், அதன்பின் நடுவிலுள்ள நேரான பகுதிகள் என்று மாட்டினேன். இந்த வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, ரப்பரை எந்த இடத்திலும் இழுக்கக் கூடாது என்பது. இழுத்து மாட்டிய ரப்பர் அன்றைக்குக் கச்சிதமாக உட்கார்ந்ததுபோலத் தெரியும். சில வாரங்களில் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளில் தகட்டைவிட்டு எழும். மூலையில் சற்றுத் திரட்டிக் கொடுத்து, உள்ளங்கையால் தகட்டின் மேல் அழுத்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். முழுவதும் உட்கார்ந்த பிறகும் கீழே கொஞ்சம் மிச்சமாக நின்றால், வெட்டத் தோன்றும்; வெட்டாதீர்கள். இருபுறமும் மெல்லத் தள்ளித் தட்டினால் அந்த மிச்சம் நேரான பகுதிகளில் பரவிவிடும். மீட்டர் கணக்கில் வாங்கிய ரப்பராக இருந்தால் மட்டும், எல்லாம் உட்கார்ந்த பின் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அழுத்தும்படி அடிப்பக்கம் சேர்க்க வேண்டும். குழலில் ஆங்காங்கே இருக்கும் சிறு துளைகள் குறையல்ல. கதவு சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறுவதற்கானவை, அவற்றை அடைக்கக் கூடாது.

ரப்பரின் உதட்டைப் பிளாஸ்டிக் பலகைகளின் மேல் ஏடிஎம் கார்டால் எடுத்துவிட்ட பிறகு கதவைச் சாத்தினால், முன்பைவிட இறுக்கமாக இருக்கும். அம்மாவால் முதல் சில நாட்கள் கதவை ஒரே முறையில் பூட்ட முடியவில்லை. தன்னால்தான் முடியவில்லையோ என்று அவர் வருந்தியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று வெளியேறி, கதவு எளிதாகப் பூட்டும். சில வாரங்களில் ரப்பர் தன் இடத்தில் பழகி இறுக்கம் குறைந்துவிடுகிறது. இந்தப் பொறுமை இல்லாமல் கதவுக் கொக்கி மாட்டும் ஸ்ட்ரைக்கரைத் தளர்த்தி வெளியே தள்ளிவிட்டால், ரப்பர் பழகிய பிறகு கதவு ஆட ஆரம்பிக்கும். வேறு ரப்பர் வந்துவிட்டதா, அல்லது சரியான ரப்பர்தான் புதிதாக இருக்கிறதா என்பதைக் கதவின் வெளித்தகட்டைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: பூட்டிய பிறகு பக்கத்துத் தகட்டோடு சமமாக நின்றால் கவலையில்லை.

கார்பெட்டை இரண்டாம் முறை நானே காயவைத்தேன். மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் அதற்கு அடியில் தடித்த ஸ்பாஞ்சு இருக்கிறது. அது நாள்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாற்றமும் தரைத் தகட்டின் துருவும் அங்கிருந்துதான் வருகின்றன. கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் மரக்கட்டை வைத்து, வெயிலில் கதவுகளைத் திறந்துவைத்து, மேசை மின்விசிறியை அடிப்பக்கமாக ஓடவிட்டேன். இருக்கையைக் கழற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் அமைப்பைச் சேர்ந்ததாக இருக்கும்; அந்த வேலையை வீட்டில் செய்யாமல் தெரிந்தவரிடம் விடுவதுதான் பாதுகாப்பு. நான் இருக்கையைக் கழற்றாமலே முன்னும் பின்னும் நகர்த்திக் காயவைத்தேன்.

ரப்பருக்கு எண்ணெய் போடும் பழக்கம் எங்கள் பக்கம் பலரிடம் உண்டு. தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் பளபளவென்று கறுப்பாகத் தெரியும். ஆனால் அது செம்மண் தூசியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அரைக்கும். சாதாரண கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரையே கெடுக்கும். சிலிக்கான் கிரீஸ் சிறிய டியூப் 250 ரூபாய்க்கு வாங்கினேன். பட்டாணி அளவு எடுத்து ஒரு கதவு முழுவதும் மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையும், கோடை தொடங்கும்போது ஒருமுறையும் போதும்.

கணக்கைச் சொன்னால் உண்மை தெரியும். ரப்பர் இரண்டுக்கு 2,300, துரு வேலைக்கு 650, பின் கதவு ஷீட்டுக்கு 350, சிலிக்கான் கிரீஸ் 250 என்று மொத்தம் 3,550 ரூபாயில் ஒழுகல் முழுவதும் நின்றது. அதற்கு முன் ஏசி வேலை, கார்பெட் கழுவியது, பொருந்தாத ரப்பர் என்று போனது 5,520 ரூபாய். தண்ணீர்ச் சோதனையை முதலில் செய்து, பழைய ரப்பர்த் துண்டோடு கடைக்குப் போயிருந்தால் இரண்டாவது தொகையில் ஒரு ரூபாயும் செலவாகியிருக்காது.

அதற்குப் பிறகு வந்த மழைகளில் கார்பெட் காய்ந்தே இருக்கிறது. விசில் சத்தம் மட்டும் குறைந்ததே தவிர முழுவதும் நிற்கவில்லை. அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது: கதவின் வெளி இடைவெளியை மாஸ்கிங் டேப்பால் பகுதி பகுதியாக ஒட்டிக்கொண்டு, மற்றக் கதவு வழியாக ஏறி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. எந்த இடத்து டேப் ஒட்டியபோது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. எனக்குக் கதவைச் சுற்றி ஒட்டியபோது மாற்றமில்லை. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தின் மேல்பகுதியில் ஒட்டியபோது நின்றது. அந்தக் கண்ணாடி ரப்பர் தனி உருப்படி. உட்புறத்தில் வெல்வெட் போன்ற பூச்சு இருக்கும், அது தேய்ந்தால் கண்ணாடி ஆடும், ஏறும்போது இழுக்கும். அதற்குள் கிரீஸ் போட்டால் கண்ணாடியில் படலம் படியும் என்பதால் இப்போதைக்கு மண்ணை மட்டும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனி மாதச் சாரலுக்கு முன் அதையும் மாற்றிவிட வேண்டும் என்று, பழைய ரப்பரின் துண்டு ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்திருக்கிறேன்.